‘விதவுட் யூ’: ஒரே பாட்டு, பல குரல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கிலப் பாட்டுகளைப் பற்றி நண்பர்களோடு பேச உட்கார்ந்தால் ‘விதவுட் யூ’ என்ற ராக் பாலட் (மெதுவான ராக் பாட்டு) வராமல் இருக்காது. அது வந்தாலே அதே சந்தேகங்களும் வரிசையாக வந்துவிடும். யார் எழுதினார்கள், யார் முதலில் பாடினார்கள், ஏன் இத்தனை பேர் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

இது மரையா கேரி பாட்டுதானே?

இல்லை. அமெரிக்கப் பாடகி மரையா கேரி பாடியது 1993-இல் வந்த ‘மியூசிக் பாக்ஸ்’ ஆல்பத்தில். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1971-இல், ஹாரி நில்சன் என்ற அமெரிக்கப் பாடகர் இதைப் பாடிப் பெரிய ஹிட் ஆக்கிவிட்டார். அவரும் முதல் ஆள் இல்லை. 1970 நவம்பரில் ‘நோ டைஸ்’ என்ற ஆல்பத்தில் பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு வெளியிட்டதுதான் மூலப் பாட்டு. எழுதியவர்கள் அந்தக் குழுவின் பீட் ஹாம், டாம் எவன்ஸ் இருவரும்.

இந்த இரண்டு பெயர்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பாடிய பாட்டு இது. ஆனால் எழுதியவர்களின் பெயரைக் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பேட்ஃபிங்கரா? பேரே கேள்விப்பட்டதில்லையே, யார் அவங்க?

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரத்தில் ‘தி ஐவீஸ்’ என்ற பெயரில் தொடங்கிய குழு. டாம் எவன்ஸ் மட்டும் லிவர்பூல்காரர், பிறகு வந்து சேர்ந்தவர். பீட்டில்ஸ் குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் இவர்களுக்காக விடாமல் பரிந்துபேசி, 1968-இல் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் ரெக்கார்ட்ஸில் சேர்த்துவிட்டார். 1969 இறுதியில் பேட்ஃபிங்கர் என்று பெயர் மாறியது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி எழுதிக்கொடுத்த ‘கம் அண்ட் கெட் இட்’தான் அந்தப் பெயரில் அவர்களுக்கு முதல் ஹிட்.

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய வங்கதேச நிவாரணக் கச்சேரியில் இவர்களும் மேடையேறினார்கள். ‘ஹியர் கம்ஸ் த சன்’ பாட்டுக்கு ஹாரிசன் பக்கத்தில் நின்று கிடார் வாசிப்பவர் பீட் ஹாம்தான். அந்தக் கச்சேரியின் படத்தைப் பார்த்த பலருக்கும் அது யார் என்று தெரியாது. ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் கடைசிக் காட்சியில் வரும் ‘பேபி ப்ளூ’வும் இவர்கள் பாட்டே.

ஒரு பாட்டுக்கு ரெண்டு பேர் பேர் இருக்கே, யார் எதை எழுதினாங்க?

இந்தப் பாட்டின் உயிரே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சரணம் பீட் ஹாமுடையது, பல்லவி டாம் எவன்ஸுடையது. இரண்டும் தனித்தனிப் பாட்டுகளாகப் பிறந்து, முடியாமல் கிடந்தவை.

பீட் ஹாமிடம் ‘இஃப் இட்ஸ் லவ்’ என்று ஒரு பாட்டு இருந்தது. அதன் சரணம் அழகு, பல்லவிதான் சோடை. அதன் பின்னணியாகச் சொல்லப்படும் சம்பவம் எளிமையானது. ஒரு நாள் மாலை காதலியோடு வெளியே போவதாக இருந்திருக்கிறார். அப்போது பாட்டு வேலை வந்துவிட்டது. “பரவாயில்லை, போய் வா” என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறார். உதடு சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை என்பதைப் பீட் ஹாம் கவனித்துவிட்டார். சிரிப்புக்குப் பின்னால் கண்ணில் தெரியும் துயரத்தைப் பற்றிய வரி அப்படித்தான் சரணத்துக்குள் வந்தது.

டாம் எவன்ஸிடம் நேர் எதிர்ப் பிரச்சினை. காதலி பிரிந்து போயிருந்த நேரத்தில், நீ இல்லாமல் வாழவே முடியாது என்று அழுத்தமான ஒரு பல்லவியை எழுதி வைத்திருந்தார். அதற்கு முன்னால் வைக்கத் தோதான சரணம் கிடைக்கவில்லை. இருவரும் லண்டனில் ஒரே வீட்டில் குழுவோடு வசித்தவர்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது. பிரிந்துபோன அந்தப் பெண்ணையே எவன்ஸ் பிறகு மணந்துகொண்டார்.

அப்படின்னா அவங்க பாடினப்பவே ஹிட் ஆகியிருக்கணுமே?

ஆகவில்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அவர்கள் இதைத் தனிப்பாட்டாக வெளியிடவே இல்லை. எல்.பி. தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டாகப் போட்டதோடு சரி. அந்த ஆல்பத்திலிருந்து வெளியே வந்து ஓடியது ‘நோ மேட்டர் வாட்’ என்ற துள்ளலான பாட்டு.

பதிவைக் கேட்டாலும் காரணம் புரியும். கிடாரும் ஆர்கனும் பின்னால் நிற்க, நாலு பேர் ஒரு அறையில் நிதானமாக வாசிக்கிற மாதிரி இருக்கும். பல்லவி வரும்போது குரல் பெரிதாக உயராது, பாரத்தோடு அதே உயரத்தில் நடக்கும். எனக்கு இந்தப் பதிவு ரொம்பப் பிடிக்கும், காரணம் இதில் நாடகம் இல்லை. வானொலியில் முதல்முறை கேட்பவரைச் சட்டென்று பிடித்து நிறுத்தும் வேகமும் இதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நில்சன் இதை பீட்டில்ஸ் பாட்டுன்னு நினைச்சாராமே, உண்மையா சார்?

உண்மைதான். ஒரு விருந்தில் இந்தப் பாட்டு காதில் விழுந்திருக்கிறது. பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்துக்கொண்டு, பிறகு அவர்கள் ஆல்பங்களில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், கடைசியில் பேட்ஃபிங்கர் என்று கண்டுபிடித்தார்.

அவர் குழம்பியதில் வியப்பே இல்லை. நிறுவனம் பீட்டில்ஸுடையது. பதிவைத் தயாரித்தவர் பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக். குரல்கள் சேரும் விதத்திலும் அந்தச் சாயல் உண்டு. நில்சனுக்கும் பீட்டில்ஸுக்கும் நெருக்கம் அதிகம். 1968-இல் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, தங்களுக்குப் பிடித்த அமெரிக்கக் கலைஞர் என்று அவர்கள் சொன்ன பெயர் நில்சன்தான்.

நில்சன் அப்படி என்னதான் பண்ணிட்டார்? அதே ட்யூன், அதே வரிதானே?

ட்யூனும் வரியும் ஏறக்குறைய அதேதான். பாட்டு எங்கே தாழ வேண்டும், எங்கே எகிற வேண்டும் என்ற கணக்கை மாற்றிவிட்டார். 1971-இல் லண்டன் டிரைடென்ட் ஸ்டூடியோவில் பதிவு. தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி. பியானோ வாசித்தவர் கேரி ரைட். பேஸ் கிடார் கிளாஸ் வூர்மன், டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர். வயலின் கூட்டத்துக்கு இசை அமைத்தவர் பால் பக்மாஸ்டர். (வூர்மனும் கெல்ட்னரும் மேலே சொன்ன நியூயார்க் கச்சேரியிலும் வாசித்தவர்கள். சின்ன உலகம்தான் அது.)

ஒருமுறை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் பியானோவும் குரலும்தான் முன்னால் நிற்கும். அந்த மாலையை மறக்க முடியவில்லை, நீ கிளம்பிப்போன முகம் நினைவிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற தொனி. கொஞ்சம் கொஞ்சமாக வயலின்கள் வந்து சேரும். பல்லவியை முதலில் கீழ் ஸ்தாயியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பாடிவிடுவார். அடுத்த நொடி, அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பிடிப்பார். அதுவரை அடங்கியிருந்தவர் உடைந்துபோகிற இடம் அது. அந்த ஒரு தாவல்தான் இந்தப் பாட்டை மாற்றியது. பிறகு பாடிய அத்தனை பேரும் அந்தத் தாவலைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

நில்சனுக்கு இத்தனை பெரிய இசைக்கட்டு வேண்டாம், பியானோவும் குரலும் போதும் என்ற எண்ணம் இருந்தது. பெர்ரி விடவில்லை. இந்தச் சண்டையில் பெர்ரி ஜெயித்தது நமக்கு நல்லது என்பது என் கட்சி. 1972-இல் அமெரிக்காவில் நான்கு வாரமும் பிரிட்டனில் ஐந்து வாரமும் முதலிடம். அடுத்த ஆண்டு சிறந்த ஆண் பாப் குரலுக்கான கிராமி விருதும் வந்தது.

வயலின் எல்லாம் வருதே, இதைப் போய் ராக் பாலட்னு எப்படிச் சொல்றீங்க?

ராக் குழு எழுதி, ராக் குழு முதலில் வாசித்த மெதுவான பாட்டு, அதனால் ராக் பாலட். அடங்கித் தொடங்கி, பல்லவியில் டிரம்ஸோடு வெடித்து, கடைசிவரை இறங்காமல் போகும் இந்த வடிவத்தைத்தான் 80-களின் ராக் குழுக்கள் ஆளுக்கொரு பாட்டாகச் செய்தார்கள். நில்சன் பதிவு அதற்கு ஆரம்பகால முன்மாதிரிகளில் ஒன்று. பாப் என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மரையா கேரி நில்சனை அப்படியே காப்பி அடிச்சிட்டாங்கன்னு என் ஃப்ரெண்டு சொல்றான். சரியா?

பாதி சரி. அவர் எடுத்துக்கொண்டது பேட்ஃபிங்கர் வடிவத்தை அல்ல, நில்சன் வடிவத்தை. சிறுவயதில் வீட்டில் கேட்ட பாட்டு அது. பியானோத் தொடக்கம், கீழே ஒருமுறை மேலே ஒருமுறை என்ற பல்லவிக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. வால்டர் அஃபனாசியெஃபும் அவரும் சேர்ந்து தயாரித்தார்கள்.

மாறியது குரலின் கதை. நில்சன் மேலே போகும்போது, இதற்கு மேல் முடியாது என்ற விளிம்பில் நிற்பது போலக் கேட்கும். மரையா கேரிக்கு அந்த உயரம் கஷ்டமே இல்லை. அதனால் அவர் வேறொன்று செய்கிறார். சரணத்தை மூச்சுக் கலந்த சன்னக் குரலில், உடையப்போகிறவர் மாதிரி பாடுகிறார். மேலே போனதும் குரல் திடமாகிவிடுகிறது, பின்னால் கோரஸ் சேர்ந்துகொள்கிறது. நில்சனில் நொறுங்குகிற மனிதர் கேட்கிறார், இவரில் அழுது முடித்துத் தலைநிமிர்கிற பெண் கேட்கிறார். எனக்கு நில்சன்தான் ஒரு படி மேல். ஆனாலும் இதை வெறும் காப்பி என்று சொல்ல மாட்டேன்.

1994-இல் இது பிரிட்டனில் வெளியான வாரமே முதலிடத்தில் நுழைந்து நான்கு வாரம் இருந்தது. அமெரிக்காவில் மூன்றாம் இடம்வரை வந்தது. அமெரிக்காவில் தனிப்பாட்டாக வெளியானது ஜனவரி 24. நில்சன் இறந்தது ஜனவரி 15. தன் பாட்டு இன்னொரு தலைமுறைக்குப் போனதைப் பார்க்க அவர் இல்லை.

வேற யார் பாடினது கேட்கலாம்?

‘ஹார்ட்’ குழு 70-களிலேயே பாடியிருக்கிறது. ஆன் வில்சனின் குரலுக்காகக் கேட்கலாம். நாட்டுப்புறச் சாயல் பிடித்தவர்களுக்கு டி.ஜி. ஷெப்பர்டின் கன்ட்ரி பதிவு இருக்கிறது. ஏர் சப்ளை குழு 1991-இல் பாடியது வழுவழுப்பு, எனக்கு ஒட்டவில்லை. இல் டிவோ குழு இதை ஸ்பானிய வரிகளோடு ஓபரா பாணியில் பாடியிருக்கிறது. பிரமாண்டம் பிடிக்கும் என்றால் பிடிக்கும்.

இத்தனை பேர் பாடுறாங்களே, எழுதினவங்ககிட்ட அனுமதி வாங்கினாங்களா?

தனித்தனியாக வாங்கத் தேவையில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1909 முதலே ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பாட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் தங்கள் குரலில் பதிவு செய்து விற்கலாம், சட்டம் குறித்த தொகையைக் கட்டிவிட்டால் போதும். நில்சன் பாடிய காலத்தில் அது ஒரு பிரதிக்கு 2 சென்ட். ட்யூனின் அடிப்படையை மாற்றவோ வேறு வரிகள் எழுதவோ வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டு வேறு, பதிவு வேறு. பாட்டின் உரிமை எழுதியவர்களுக்கும் அவர்களின் இசைப் பதிப்பகத்துக்கும். பதிவின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்துக்கு. அமெரிக்க வானொலி நிலையங்கள் நில்சன் பதிவை ஒலிபரப்பினால், பாட்டை எழுதியவர்கள் தரப்புக்குத்தான் பணம் போகும். பாடியவருக்கு அதில் எதுவும் இல்லை.

அப்போ எழுதின ரெண்டு பேரும் கோடீஸ்வரங்க ஆகியிருப்பாங்களே?

ஆகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. குழுவின் பணம் முழுக்க அமெரிக்காவில் ஸ்டான் பாலி என்ற மேலாளரின் கைவழியாகப் போய்வந்தது. வெளியே ஹிட் மேல் ஹிட், இவர்களுக்குக் கையில் கிடைத்ததோ மாதச் சம்பளம் மாதிரி ஒரு சிறு தொகை. பிறகு வார்னர் நிறுவனத்துக்கு மாறினார்கள். அங்கே தனியாக வைத்திருக்க வேண்டிய முன்பணத்துக்குக் கணக்கு இல்லை என்று 1974 இறுதியில் அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. அப்போது வெளியாகி சில வாரங்களே ஆகியிருந்த புதிய ஆல்பமும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வருமானம் அடியோடு நின்றது. பீட் ஹாம் 1975 ஏப்ரல் 24 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27, பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள். மகள் பிறந்தது அதற்கு அடுத்த மாதம். டாம் எவன்ஸ் அந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை. இந்தப் பாட்டின் ராயல்டியை எப்படிப் பங்கிடுவது என்று பழைய உறுப்பினர்களுக்குள் தகராறு முற்றியிருந்த நேரத்தில், 1983 நவம்பரில் அவரும் அதே முடிவை எடுத்தார். வயது 36. உரியவர்களுக்கு முறையாகப் பணம் போய்ச் சேர்ந்தது பின்னாளில் வந்த நீதிமன்ற ஏற்பாடுகளால்தான். அப்போது இருவரும் இல்லை.

இது ராசியில்லாத பாட்டுன்னு சொல்றாங்களே, பாடினவங்களுக்கும் ஆகாதாமே?

இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாடி நன்றாகத்தான் இருக்கிறார்கள். முந்தைய பதிலில் பார்த்தது ராசியின் கதை இல்லை, மோசமான ஒப்பந்தமும் காணாமல்போன பணமும் சேர்ந்த கதை. ராசி என்று சொல்லிவிட்டால் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

வரிகளை அவர்களின் மரணத்தோடு முடிச்சுப் போடுவதும் தவறு. 1970-இல் இரண்டு இளைஞர்கள் காதலியை நினைத்து எழுதியவை அவை. உண்மையிலேயே வாழ முடியவில்லை என்ற எண்ணத்தோடு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

‘கென் லீ’ன்னு ஒரு வீடியோ பார்த்தேன், அதுவும் இந்தப் பாட்டா?

ஆமாம். 2008-இல் பல்கேரியாவின் ‘மியூசிக் ஐடல்’ தேர்வில் ஆங்கிலம் தெரியாத ஒரு பெண், மரையா கேரி பதிவிலிருந்து காதில் விழுந்த ஒலிகளை வைத்தே பாடினார். பல்லவியில் வரும் ‘கான்ட் லிவ்’ (வாழ முடியாது) என்ற இரண்டு வார்த்தைகள் ‘கென் லீ’ ஆகிவிட்டன. உலகமே பார்த்துச் சிரித்தது. அந்த நிகழ்ச்சியே பிறகு அவரைத் திரும்ப மேடைக்கு அழைத்தது.

எனக்கு அதில் சிரிப்பதற்கு மேலாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒரு வார்த்தைகூடப் புரியாமல், பாட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மனம் ஒன்றி அவரால் பாட முடிந்திருக்கிறது. நாமும் இந்திப் பாட்டை அப்படிப் பாடிய தலைமுறைதானே.

எத்தனையோ காதல் தோல்விப் பாட்டு இருக்கு. இது மட்டும் ஏன் இத்தனை பேர் கையில நிக்குது?

என் பதில் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. இது இரண்டு மனிதர்களின் இரண்டு மனநிலை. சரணம் நாசூக்கானது: பிரிந்ததை ஏற்றுக்கொள்கிறது, கதை இப்படித்தான் போகும் என்கிறது, உன்னைப் போகவிட்டவன் நானே என்று ஒப்புக்கொள்கிறது. பல்லவி எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரே ஆள் எழுதியிருந்தால் இந்த இரண்டையும் சமாதானப்படுத்த நடுவில் ஒரு வரி போட்டிருப்பார். இங்கே அந்த வரி இல்லை, அந்த இடைவெளியைப் பாடுகிறவர்தான் தன் குரலால் கடக்க வேண்டும்.

பேட்ஃபிங்கர் சோர்வோடு கடந்தார்கள், நில்சன் உடைந்து கடந்தார், மரையா கேரி நிமிர்ந்து கடந்தார். புதிதாக ஒருவர் வந்தாலும் அவருக்கும் செய்ய ஏதோ மிச்சம் இருக்கிறது. சரண வரிகளும் பேச்சு வழக்கில் இருப்பதால் எந்த ஊர்க்காரர் வாயிலும் பொருந்துகின்றன. ஊர், தெரு, பெயர் எதுவும் கிடையாது. ஒரு மாலையும் ஒரு முகமும் மட்டும்தான்.

யூடியூப்ல தேடினா வேற ஏதோ பாட்டு வருதே அண்ணா?

இதே தலைப்பில் நிறையப் பாட்டுகள் உண்டு. மோட்லி க்ரூ குழுவின் பாலட் ஒன்று, டேவிட் கெட்டாவும் அஷரும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட நடனப் பாட்டு ஒன்று. இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தலைப்போடு பேட்ஃபிங்கர் அல்லது நில்சன் என்று சேர்த்துத் தேடுங்கள்.

நானே பாடி யூடியூப்ல போடலாமா? பழைய பாட்டுதானே, காப்பிரைட் முடிஞ்சிருக்கும்ல?

முடியவில்லை. இருவர் எழுதிய பாட்டுக்கு, கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. டாம் எவன்ஸ் இறந்தது 1983. பிரிட்டனில் அதிலிருந்து 70 ஆண்டு, அதாவது 2053 முடியும்வரை. இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டு, 2043 முடியும்வரை.

யூடியூபில் நடைமுறை என்னவென்றால், நீங்கள் பாடிப் போட்டாலும் பதிப்பகத்தின் உரிமைக் கோரிக்கை தானாக வரலாம். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். நில்சன் பதிவின் இசையை எடுத்துப் பின்னால் ஓட்டுவது வேறு விஷயம், அது பதிவின் உரிமையைத் தொடுகிறது. கரோக்கி டிராக்குக்கும் தனி உரிமையாளர் இருப்பார். நண்பர் யாரையாவது பியானோ வாசிக்கச் சொல்லிப் பாடுவது நல்லது. குறிப்பில் பீட் ஹாம், டாம் எவன்ஸ் பெயரைப் போடுங்கள்.

பாடிப் பார்த்தேன், பல்லவியில குரல் கிழியுது. என்ன பண்றது?

சரணத்துக்கு ஏற்ற சுருதியில் தொடங்கியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். முதலில் மேல் ஸ்தாயிப் பல்லவியைத் தனியாகப் பாடி, எந்தச் சுருதியில் கத்தாமல் நிற்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து சரணத்துக்கு இறங்கி வாருங்கள். சரணம் ரொம்பத் தாழ்வாகப் போனால் பரவாயில்லை, அது பேசுகிற இடம்தான், மைக் பார்த்துக்கொள்ளும். நீட்டிப் பிடிக்கும் இடத்தில் ‘லிவ்’ என்ற ஒலி தொண்டையை இறுக்கும். வாயைக் கொஞ்சம் ‘லெ’ பக்கம் திறந்து, கடைசி ‘வ்’வைக் கார்வை முடியும்போது மட்டும் போடுங்கள்.

அப்படியும் மேலே எட்டவில்லை என்றால் தாவலை விட்டுவிடுங்கள். பேட்ஃபிங்கர் பாடிய மாதிரி கீழேயே பாடுங்கள். எழுதியவர்கள் பாடியதே அப்படித்தான்.